மருந்துக்கடை வாசலில் இருநூறு ஆண்டுகள்

"சளிக்கு ஒரு செட் மாத்திரை குடுங்கண்ணா." ஏற்காட்டிலும் சரி, மலைக்குக் கீழே சேலத்திலும் சரி, மழைக்காலம் முழுக்க மருந்துக்கடைகளில் கேட்கும் குரல் இது. கடைக்காரர் அட்டைகளிலிருந்து இரண்டு மூன்று மாத்திரைகளைக் கத்தரித்து, சின்னக் காகித உறையில் போட்டு, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று சொல்லிக் கொடுப்பார். கேட்டு வந்தவர்களில் பலருக்கு இருப்பது சளியே அல்ல. காய்ச்சல் கிடையாது, உடம்புவலி கிடையாது. விடிந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், தண்ணீராக ஒழுகும் மூக்கு, கண்ணிலும் அண்ணத்திலும் அரிப்பு. ஒரு வாரத்தில் போகவேண்டியது மாதக்கணக்கில் நீள்கிறது; அடுத்த ஆண்டும் அதே பருவத்தில் வருகிறது. மூக்கின் ஒவ்வாமை என்று அதை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு இந்த நோய் பொருந்தாது என்று நம்பச் சொன்னது ஒரு பழைய எண்ணம். 1820களில் சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து, சமவெளியின் வெக்கையில் வாடிய வெள்ளையர்கள் உடம்பு தேற மலையேறினார்கள். மலைக்காற்று நெஞ்சுக்கும் மூக்குக்கும் மருந்து என்ற நம்பிக்கை அவர்களோடு வந்தது. அது ஐரோப்பிய மலைகளில் உண்மைதான். சுவிட்சர்லாந்தின் டாவோஸ் ஏறத்தாழ 1,560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆஸ்துமாக்காரர்களை அங்கே அனுப்பினால் மூச்சு சீராகும். அங்கே காற்று குளிர்ந்தும் உலர்ந்தும் இருப்பதால், படுக்கையிலும் கம்பளியிலும் வாழும் தூசி உண்ணிகள் பிழைப்பது அரிது. ஒவ்வாமைக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று இந்த உண்ணிதான் என்று நெதர்லாந்தின் லெய்டன் ஆய்வாளர்கள் 1960களில் கண்டுபிடித்தார்கள்.

ஏற்காடும் ஏறக்குறைய அதே உயரம், 1,500 மீட்டர். ஆனால் இங்கே காற்று ஈரம். ஏரியின் உபரி நீர் அருவியாக இறங்கும் கிளியூர்ச் சரிவில் மழைக்காலத்து மூடுபனி பகலிலும் விலகுவதில்லை. சுவரில் ஈரம் ஊறுகிறது, பெட்டியில் வைத்த துணியில் பூஞ்சை படர்கிறது, மெத்தையும் கம்பளியும் வெயில் காணாமல் கிடக்கின்றன. உண்ணிக்கும் பூஞ்சைக்கும் வேண்டிய எல்லாம் இருக்கின்றன. டாவோஸை நினைத்துக்கொண்டு ஏற்காட்டைப் பார்த்தால் நோய் கண்ணுக்குத் தெரியாது.

இந்த நோயை முதலில் தெளிவாக எழுதிவைத்தவரே ஒரு நோயாளிதான். 1819இல் லண்டன் மருத்துவ, அறுவை மருத்துவச் சங்கத்தின் முன் ஜான் போஸ்டாக் என்ற மருத்துவர் ஒரு நோயாளியின் கதையைப் படித்தார்: எட்டு வயதிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் கண் எரிச்சல், தும்மல், மூச்சு இறுக்கம். அந்த நோயாளி அவரேதான். இரத்தம் வடித்தல், பேதி, அபினி, பாதரசம், குளிர்ந்த நீர்க் குளியல், சிங்கோனா மரப்பட்டை என்று அன்றைக்குக் கைக்கெட்டிய அத்தனையையும் பயன்படுத்திப் பார்த்திருந்தார். எதுவும் நிரந்தரமாகக் கேட்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, புகழ்பெற்ற ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தன் கோடைத் தும்மலுக்குக் குயினைன் கரைசலைத் தானே மூக்கில் விட்டுக்கொண்டார். தனக்குக் கேட்டது என்று எழுதினார். மற்றவர்களுக்கு அது பொதுவாகக் கேட்கவில்லை. மான்செஸ்டரின் சார்லஸ் பிளாக்லி இன்னும் ஒரு படி போனார். மகரந்தத்தைத் தன் மூக்கிலும் தோலிலும் வைத்துப் பார்த்து, தும்மலுக்குக் காரணம் அதுதான் என்று 1873இல் நூலாக வெளியிட்டார். அதே 1873இல் கல்கத்தாவில் டி.டி. கன்னிங்ஹாம் சிறைச்சாலைகளின் காற்றைக் கண்ணாடித் தகட்டில் பிடித்து, அதிலிருந்த பூஞ்சை வித்துகளையும் மகரந்தங்களையும் நுண்ணோக்கியில் பார்த்துப் படம் வரைந்தார். அவர் தேடியது காலரா போன்ற நோய்களின் காரணத்தை. மூக்கு அவர் நினைவில் இல்லை.

தானே மருந்து எடுத்துக்கொள்வது, ஆகவே, இந்த நோயின் பிறவிக் குணம். போஸ்டாக்கும் பிளாக்லியும் என்ன எடுத்தோம், எப்போது எடுத்தோம், என்ன ஆயிற்று என்று ஆண்டுக்கணக்கில் கவனித்து எழுதினார்கள். நம் மக்கள் வாங்கும் காகித உறையில் மருந்தின் பெயர்கூட இருப்பதில்லை.

இதற்காக மக்களைக் கடிந்துகொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. மருத்துவர் எட்டாத இடத்துக்கு மருந்தாவது போகட்டும் என்று அரசே முடிவெடுத்த வரலாறு இந்த நாட்டில் உண்டு. 1892இல் வங்காளத்தில் தபால் நிலையங்களில் ஒரு பைசாவுக்கு மலேரியாவுக்கான குயினைன் பொட்டலம் விற்கத் தொடங்கினார்கள். பிறகு மற்ற மாகாணங்களுக்கும் அது பரவியது. நம் நீலகிரியின் நடுவட்டத்தில் அரசே சிங்கோனாப் பட்டையிலிருந்து குயினைன் எடுத்தது. மருந்து ஒன்று, அளவு ஒன்று, நோய் ஒன்று. பொட்டலத்தின் தரத்துக்கு அரசு பொறுப்பு. குறைகள் இருந்தன. ஆனாலும் வாங்கியவர் கையில் இருந்தது என்ன என்பது தெரியும்.

சட்டங்கள் பிறகு வந்தன. ஆர்.என். சோப்ரா தலைமையில் 1930இல் அமைந்த குழுவின் அறிக்கை, 1940இன் மருந்துச் சட்டம், 1945இன் விதிகள், 1948இன் மருந்தாளுநர் சட்டம். அந்த விதிகளில் 'கே' அட்டவணை, ஆயிரம் பேருக்கு மேற்படாத கிராமங்களில் சில வீட்டு மருந்துகளை உரிமமில்லாமல் விற்க இடம் கொடுக்கிறது. மூக்கடைப்புக்கு முகரும் மருந்துகளும் அதில் உண்டு. அவில், குளோர்பெனிரமின் போன்ற பழைய ஒவ்வாமை மாத்திரைகள் 'ஜி' அட்டவணையில் இருக்கின்றன. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் உட்கொள்வது ஆபத்து என்ற எச்சரிக்கை அவற்றின் உறையில் அச்சாகவேண்டும். அட்டையைக் கத்தரித்து இரண்டு மாத்திரை கொடுக்கும்போது அந்த எச்சரிக்கை கடையிலேயே தங்கிவிடுகிறது. தங்காவிட்டாலும் அது ஆங்கிலத்தில் இருக்கிறது.

அந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. 1937இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவே, ஒவ்வாமையைத் தூண்டும் ஹிஸ்டமினை எதிர்க்கும் முதல் மருந்தைக் கண்டறிந்தார். 1957இல் நோபல் பரிசு பெற்றார். அந்த வழியில் 1940களில் வந்த மாத்திரைகள் மூளைக்குள்ளும் புகுந்துவிடும். தூக்கம் வரும், கவனம் மங்கும், தூங்கவில்லை என்று நினைப்பவருக்கும் கை தாமதமாகும். சேலத்துக்கு இறங்கும் பாதையில் இருபது கொண்டைஊசி வளைவுகள். தோட்டங்களில் மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தில் உயரமாக ஏறியிருக்கும். மிளகு பறிப்பவர் ஏணியில் நின்றுதான் பறிக்கவேண்டும். காலையில் ஒரு செட் போட்டுக்கொண்டு ஏணி ஏறுகிற தொழிலாளியை நினைத்தால் எனக்குப் பதைக்கிறது. வயதான ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம், கண் அழுத்தம் உள்ளவர்களுக்கு அது கூடலாம். 1980களில் வந்த செட்ரிசினிலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் தூக்கம் குறைவு. செட்ரிசினில் சிலருக்கு அது இன்னும் உண்டு.

மூக்கில் விடும் சொட்டு மருந்தின் கதை வேறு. ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் இரண்டும் சில நிமிடங்களில் அடைப்பைத் திறக்கும். அதுதான் அவற்றின் கவர்ச்சி. ரத்தக் குழாய்களைச் சுருக்கி மூக்கைத் திறக்கும் இந்த மருந்தைச் சில நாட்கள் தொடர்ந்தால், நிறுத்தியதும் குழாய்கள் முன்னைவிட அதிகமாக வீங்குகின்றன. மறுபடி சொட்டு, மறுபடி அடைப்பு. நோய் போய் மருந்தே நோயாகிவிடும் இந்த நிலை 1930களிலிருந்தே மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. சொட்டு மருந்தை மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள்தான் விடலாம். தலையணைக்கு அடியில் அந்தக் குப்பியை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது செட்டுக்குள் ஒளிந்துவரும் ஸ்டீராய்டு மாத்திரை. எல்லாக் கடைகளும் அதைக் கொடுப்பதில்லை. கொடுக்கும் கடைக்குத்தான் கைராசி என்று பெயர் கிடைக்கிறது. பீட்டாமெத்தசோன் உள்ளே போனதும் மூக்கு மாயமாகத் திறந்துவிடும். தொடர்ந்து சாப்பிட்டால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு மெலியும், உடம்பின் சொந்தச் சுரப்பி ஓய்ந்துபோகும். சட்டப்படி மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்து அது.

பயனே இல்லாததையும் விற்றுக்கொண்டிருக்கிறோம். பல சளி மாத்திரைகளில் சேரும் பினைல்எப்ரின், வாய்வழியாக உட்கொண்டால் மூக்கடைப்பைத் திறப்பதில்லை என்று 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துத் துறையின் ஆலோசனைக் குழு ஒருமனதாகச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை, குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாது என்று உறையில் அச்சிட உத்தரவிட்டது. வீட்டிலிருக்கும் பழைய குப்பியை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

நாள்பட்ட மூக்கு ஒவ்வாமைக்கு இன்று கையிலிருக்கும் மருந்துகளில் மிகச் சிறந்தது மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே. மாத்திரையாக விழுங்கும் ஸ்டீராய்டோடு அதைக் குழப்பிக்கொள்ளவேண்டாம். அளவு மிகக் குறைவு, பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும். ஆனால் அன்றாடம் அடிக்கவேண்டும், முழுப்பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், விலையும் சில நூறு ரூபாய். தினக்கூலிக்காரர் சில ரூபாய்க்கு உடனே திறக்கும் வழியைத் தேர்ந்தால் அது அறியாமை ஆகாது, கணக்கு. அந்தக் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது: மூக்கும் நுரையீரலும் ஒரே பாதை. ஆஸ்துமாக்காரர்களில் பெரும்பாலோருக்கு மூக்கு ஒவ்வாமை உண்டு. மூக்கை மட்டும் மாத்திரையால் அடக்கிக்கொண்டே போனால், ராத்திரி இருமலும் மூச்சிரைப்பும் வளர்வது கவனத்துக்கு வராமல் போகும்.

நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பதும், சுக்கு மிளகு திப்பிலிக் கஷாயமும் இந்த மலையில் காலங்காலமாக உண்டு. ஆவி அடைப்பைச் சற்று இளக்கும், ஒவ்வாமையைத் தடுக்காது. கொதிக்கவைத்து ஆறிய நீரில் அளவாக உப்புக் கலந்து மூக்கைக் கழுவுவது அடைப்பு, ஒவ்வாமை இரண்டுக்கும் துணையாகும். கம்பளியையும் தலையணையையும் வெயில் அடிக்கும் நாளில் காயப்போடுவதற்குச் செலவே இல்லை.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. 2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. மலை ஊர்களில் இந்த இரண்டின் வழியாகவும் மூக்கு ஸ்ப்ரேயும் ஆஸ்துமா இன்ஹேலரும் குறைந்த விலையில் கிடைக்கச் செய்யவேண்டும். கத்தரித்துக் கொடுக்கும் மாத்திரை உறையில் மருந்தின் பெயரும் எச்சரிக்கையும் தமிழில் இருக்கவேண்டும் என்று விதி வரவேண்டும். அதுவரை, அடுத்த முறை செட் வாங்கும்போது ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் கேட்டு எழுதி வாங்குங்கள். இதில் தூக்க மருந்து இருக்கிறதா, ஸ்டீராய்டு இருக்கிறதா என்று கேளுங்கள். சொல்லத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். தும்மல் ஒரு மாதத்தைத் தாண்டினாலோ, ராத்திரியில் மூச்சு இழுத்தாலோ, அந்தச் சீட்டோடு ஏற்காடு அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.