மூன்று வாரப் பந்தல் போதுமா?

கல்யாணத்துக்குப் போட்ட பந்தலை மறு நாளே பிரித்து விடுகிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. கல்யாணம் முடிந்தது, பந்தலுக்கு வேலை இல்லை. ஆனால், மணமக்கள் குடியிருக்க ஒரு வீடு வேண்டாமா? "பந்தல்தான் போட்டாயிற்றே, வீடு எதற்கு?" என்று எந்தத் தகப்பனாவது கேட்பானா?

நம் நாட்டுப் பெண்களின் கால்பந்தாட்டத்துக்குப் பல ஆண்டு காலம் பந்தல்தான் போட்டோம். வீடு கட்ட இப்போதுதான் அஸ்திவாரம் தோண்டியிருக்கிறோம். அந்த வேலை பாதியில் நின்று விடக்கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் கவலை.

மதுரைப் பெண்களின் முதல் பயணம்

2018-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். கட்டாக் நகரில் பெண்களுக்கான தேசியக் கால்பந்துப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் தமிழ்நாடும் மணிப்பூரும் மோதின. மணிப்பூர் சாதாரணக் குழுவா? அந்தக் கோப்பையைத் தன் வீட்டு அலமாரிச் சாமான் போலவே வைத்திருந்த குழு! அதைத் தமிழ்நாட்டுப் பெண்கள் 2–1 என்ற கணக்கில் ஜெயித்தார்கள். தமிழ்நாடு அந்தக் கோப்பையை எடுத்தது அதுவே முதல் தடவை.

அடுத்த மாதமே இன்னொரு பயணம். மதுரையைச் சேர்ந்த சேது கால்பந்துக் கழகம், இந்தியப் பெண்கள் லீக்கில் முதல் முறையாக ஆடப் புறப்பட்டது. லீக்கே அப்போதுதான் பிறந்த குழந்தை. அதற்கு அது இரண்டாவது ஆண்டு. ஆட்டங்கள் எங்கே? ஷில்லாங்கில்! நாட்டின் தென் கோடியிலிருந்து வடகிழக்குக் கோடிக்குப் போனார்கள். ஏழு குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஆறு லீக் ஆட்டங்கள். மார்ச் மாதக் கடைசியில் தொடங்கிய லீக், ஏப்ரல் 14-ந் தேதி இறுதி ஆட்டத்தோடு முடிந்தது. மூன்று வாரம்! பந்தலைப் பிரித்து விட்டார்கள்.

அடுத்த ஆண்டு, 2019 மே மாதம், லூதியானாவில் மறுபடியும் ஒரு பந்தல். இந்தத் தடவை சேது குழு சும்மா திரும்பவில்லை. இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் குழுவை 3–1 என்ற கணக்கில் வென்று இந்தியாவின் சாம்பியன் ஆயிற்று. சேர்ந்த இரண்டாவது ஆண்டிலேயே பட்டம்!

மதுரைக்காரர்களுக்கு இதைவிடப் பெருமை வேறு என்ன வேண்டும்? ஆனால், மதுரைக்காரர்களில் எத்தனை பேர் அதைக் கண்ணால் பார்த்தார்கள்? கோல் விழுந்தபோது கைதட்ட வைகைக் கரையிலிருந்து யார் லூதியானாவுக்குப் போயிருக்க முடியும்?

பிள்ளை பிறந்த வீட்டில்தானே சர்க்கரை வழங்க வேண்டும்?

பக்கத்து வீட்டுச் சண்டை எங்கோ ஒரு தெருவில்!

2022-ல் நடந்தது இன்னும் வேடிக்கை. லீக் ஆட்டங்கள் முழுவதும் புவனேசுவரத்தில் நடந்தன. 12 குழுக்கள், ஆளுக்கு 11 ஆட்டங்கள். பத்து ஆட்டங்கள் முடிந்தபோது இரண்டு குழுக்கள் பத்திலும் ஜெயித்திருந்தன. ஒன்று மதுரை சேது. மற்றொன்று கோழிக்கோட்டைச் சேர்ந்த கோகுலம் கேரளா. கடைசி ஆட்டத்தில் இரண்டும் நேருக்கு நேர். மே 26-ந் தேதி கோகுலம் 3–1 என்று வென்று பட்டத்தைத் தட்டிக்கொண்டு போயிற்று.

மதுரையும் கோழிக்கோடும் அடுத்தடுத்த ராஜ்யங்கள். ஒரு ராத்திரி ரயிலோ பஸ்ஸோ ஏறினால் விடிவதற்குள் போய்ச் சேரலாம். இந்த இரண்டு ஊர்ப் பெண்களும் இந்தியப் பட்டத்துக்காக மோதுகிறார்கள் என்றால், மதுரையில் ஓர் ஆட்டம், கோழிக்கோட்டில் ஓர் ஆட்டம் என்று வைத்திருந்தால் மைதானம் கொண்டிருக்குமா? மலையாளக் கரையின் கால்பந்து வெறிதான் உலகம் அறிந்ததாயிற்றே! ஆனால், பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரும் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போய், ஒடிசாவில் தங்கள் வழக்கைத் தீர்த்துக்கொண்டு திரும்பினார்கள்.

புவனேசுவரத்தைக் குறை சொல்லவில்லை. அந்த ஊர் மைதானமும் ஏற்பாடும் நல்லவை. அவரவர் ஊர் அவரவருக்கு வேண்டும் என்பதே நம் வாதம்.

ஆண்களுக்கு ஒரு நியாயமா?

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஆண்களுக்கான தேசியக் கால்பந்து லீக் 1996-ல் தொடங்கியது. பெண்களுக்கான லீக்கின் முதல் இறுதிச் சுற்று 2017-ல் டில்லியில் நடந்தது. இடையில் இருபது ஆண்டு!

அந்த முதல் லீக்கின் இறுதிச் சுற்று ஜனவரி 28-ந் தேதி தொடங்கியது. பிப்ரவரி 14-ந் தேதி முடிந்தது. பதினெட்டே நாள். ஆண்களுக்காக 2014-ல் தொடங்கிய சூப்பர் லீக்கிலோ, முதல் ஆண்டிலிருந்தே ஓர் ஆட்டம் தன் ஊரில், ஓர் ஆட்டம் எதிரி ஊரில் என்ற முறை இருந்தது. பெண்களுக்கு அந்த முறை வந்தது எப்போது? 2023 டிசம்பரில்!

இந்தத் தாமதத்தால் நஷ்டம் யாருக்கு? நாட்டுக்குத்தான். இந்தியப் பெண்கள் கால்பந்தில் சோடை போனவர்கள் என்று நினைத்து விடாதீர்கள். 1980-ல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றவர்கள் நம் பெண்கள். 1983-ல் மீண்டும் இரண்டாம் இடம். அன்று அவர்கள் பின்னால் ஒரு நல்ல லீக் இருந்திருந்தால்? ஆண்டு முழுவதும் ஆடுவதற்கு ஊருக்கு ஊர் குழுக்கள் இருந்திருந்தால்? அந்தக் கேள்விக்கு இனிப் பதில் கிடைக்காது. விதை முளைத்த நேரத்தில் தண்ணீர் ஊற்றவில்லை.

மற்ற நாற்பத்தொன்பது வாரம்?

மூன்று வார லீக்கினால் வரும் கெடுதி, ஊரார் பார்க்க முடியவில்லை என்பதோடு நிற்பதில்லை. ஆட்டக்காரியின் வாழ்க்கையையே அது தொடுகிறது.

கிராமத்து வீடு ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். பதினெட்டு வயதுப் பெண். நன்றாகப் பந்து ஆடுகிறாள். கழகம் ஒன்று அழைக்கிறது. தகப்பனார் கேட்கிறார்:

"எத்தனை நாள் அம்மா ஆட்டம்?"

"மூன்று வாரம் அப்பா."

"மற்ற நாளெல்லாம்?"

பெண்ணால் பதில் சொல்ல முடியவில்லை. தகப்பனார் கொடியவர் அல்ல. உலகம் அறிந்தவர். ஆண்டுக்கு 52 வாரம் சோறு வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். மூன்று வாரத்துக்குக் கூலி, நாற்பத்தொன்பது வாரத்துக்குக் காத்திருப்பு என்றால், "போதும் அம்மா, டீச்சர் பரீட்சைக்குப் படி" என்றுதான் சொல்வார். வரன் பார்க்கவும் தொடங்கி விடுவார். அந்தப் பெண்ணோடு ஓர் ஆட்டமும் சமையலறைக்குள் போய்விடும்.

கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசனை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்காக ஆடிய வீராங்கனை. தமிழகப் போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். காக்கிச் சட்டை ஒரு பிடிப்பு. ஆனால், ஆடத் தெரிந்த அத்தனை பெண்களுக்கும் சர்க்கார் வேலை கொடுக்க முடியுமா? ஆட்டமே அவர்களுக்கு ஓரளவாவது சோறு போட வேண்டும்.

இந்த விஷயத்தில் கால்பந்துச் சம்மேளனம் கண் திறந்தது பாராட்டத்தக்கது. பெண்கள் லீக்கில் ஆடும் ஒவ்வொரு கழகமும் குறைந்தது பத்து இந்திய ஆட்டக்காரிகளை ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023-ல் அறிவித்தது. மாதக் கணக்கில் சுமார் 27 ஆயிரம் ரூபாய். பெரிய பணம் அல்ல. ஆனாலும், தகப்பனாரின் கேள்விக்குப் பெண் சொல்லக்கூடிய பதில் அது. அந்தப் பதில் ஏட்டில் மட்டும் இருந்தால் போதாது. மாதா மாதம் கையில் வந்து சேருகிறதா என்று பார்க்க வேண்டியதும் சம்மேளனத்தின் கடமையே.

"பணம் எங்கே?" என்கிறார்கள்

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டும். அதுதான் நியாயம்.

"ஐயா, ஒரே ஊரில் எல்லாக் குழுவையும் கூட்டி ஆட்டத்தை முடித்தால் செலவு குறைவு. ஊர் ஊராகப் போனால் ரயில் செலவு, விமானச் செலவு, ஓட்டல் செலவு. டிக்கெட் விற்று வரும் பணம் அதற்குக் காணுமா?" என்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்கிறார்கள்: "2023-ல் அகமதாபாத்தில் ஒரே ஊரில் நடத்தியபோது 16 குழுக்கள் ஆடின. ஊர் ஊராக ஆடும் முறை வந்த உடனே ஏழாகக் குறைந்தது. ஒன்பது குழுப் பெண்களின் வாய்ப்புப் போயிற்றே!"

இரண்டும் அசட்டை செய்யக்கூடிய வாதங்கள் அல்ல. முதல் ஆண்டில், இரண்டாம் ஆண்டில், ஒரே ஊரில் நடத்தியதை நாமும் குறை சொல்ல மாட்டோம். குடிசை போட்டுத்தான் குடித்தனம் தொடங்க வேண்டும். ஆறு ஆண்டுக்குப் பிறகும் குடிசையே போதும் என்றால்தான் கேள்வி.

குழுக்கள் குறைந்தது உண்மை. அதற்கு மருந்து, பழைய பந்தலுக்குத் திரும்புவதா? கீழே இன்னொரு தளம் கட்டுவதா? இரண்டாம் நிலை லீக் என்ற ஒன்றை ஏற்படுத்தியிருக்கிறார்கள். அதில் ஜெயித்தவர்கள் மேலே வரலாம். மேலே தோற்றவர்கள் கீழே போக வேண்டும். அது சரியான வழி. அதற்கும் கீழே மாநில லீக், மாவட்ட லீக் என்று படிக்கட்டு அமைய வேண்டும். மாடி கட்டி விட்டுப் படி வைக்காமல் விட்டால் யார் ஏறுவது?

டிக்கெட் விற்காது என்பதும் சரியல்ல. கடையே திறக்காமல் வியாபாரம் இல்லை என்று சொல்லலாமா? சொந்த ஊரில் ஆடாத குழுவுக்கு ரசிகர் எங்கிருந்து வருவார்?

பலன் தெரிகிறது

ஊர் ஊராக ஆடும் முறையின் முதல் ஆண்டு 2023 டிசம்பரில் தொடங்கி 2024 மார்ச் வரை நடந்தது. ஒவ்வொரு குழுவுக்கும் 12 ஆட்டங்கள். ஒடிசாக் குழு பட்டம் பெற்றது. அடுத்த ஆண்டு எட்டுக் குழுக்கள். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் சாம்பியன். ஆண்கள் கால்பந்தில் நூறாண்டுப் பெயர் பெற்ற கழகம், பெண்கள் பட்டத்தையும் தன் மாலையில் கோத்துக்கொண்டது.

ஒடிசாக் குழுவுக்குப் பயிற்சி கொடுத்த கிறிஸ்பின் சேத்ரிதான் பிறகு இந்தியப் பெண்கள் குழுவின் பயிற்சியாளர் ஆனார். 2025 ஜூலை 5-ந் தேதி, தாய்லாந்தின் சியாங்மாய் நகரில், அந்த ஊர்க்காரர்கள் முன்னாலேயே தாய்லாந்தை 2–1 என்று வென்றது இந்தியா. இரண்டு முறை உலகக் கோப்பை ஆடிய நாடு தாய்லாந்து! அந்த வெற்றியால் 2026-ம் ஆண்டு ஆசியக் கோப்பைக்கு இடம் கிடைத்தது. தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து இந்தியப் பெண்கள் அந்த இடத்தைப் பெற்றது அதுவே முதல் முறை.

லீக்கினால் மட்டும்தான் இது வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், அடிக்கடி ஆடுகிறவளுக்குத்தான் கால் பழகும், பதற்றம் அடங்கும். இது குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

நாம் செய்ய வேண்டியது

சம்மேளனத்துக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. லீக்கை நீட்டுங்கள். 14 ஆட்டம் 20 ஆகட்டும். ஊர் ஊராக ஆடும் முறையை எந்தக் காரணம் கொண்டும் கைவிடாதீர்கள்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-ல் மட்டுமல்ல, 2023-லும் தேசியக் கோப்பையை வென்றவர்கள். அவர்கள் ஆட மாவட்டந்தோறும் ஒரு நல்ல புல்தரை, மாலையில் ஆட விளக்கு, பெண்கள் உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை – இவ்வளவுதான் கேட்கிறோம். இது பேராசையா?

கடைசியாக நமக்கு. ஆட்டம் நம் ஊருக்கு வந்தால் போய் உட்கார ஆள் வேண்டும். "பெண்கள் ஆட்டம்தானே" என்று உதட்டைப் பிதுக்குகிறவர், ஒரே ஒரு நாள் மைதானத்துக்குப் போகட்டும். வேகமும் குறி தவறாத உதையும் யாருக்குச் சொந்தம் என்று அங்கே தெரிந்துகொள்ளட்டும்.

போகும்போது மகளையும் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். நம் ஊர்ச் சட்டை போட்ட அக்கா ஒருத்தி கோல் அடிப்பதை அவள் நேரில் பார்க்கட்டும். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் கேட்பாள்:

"அடுத்த ஆட்டம் எப்போது அப்பா?"

"அடுத்த வாரம், இதே இடத்தில்" என்று சொல்லும்படி நாம் வைத்துக்கொள்ள வேண்டும். "அடுத்த வருஷம், எங்கேயோ" என்று சொல்லும் நிலை மறுபடி வரக்கூடாது.