படகே வீடு

டெல்லி மோதி பாக்கிலிருந்து கடல் அலையைப் பார்க்க ஆயிரம் கி.மீ.க்கு மேல் பயணம் செய்ய வேண்டும். ஆனால் பக்கத்து டெல்லி கன்டோன்மென்ட்டில்தான் கடற்படையின் நௌசேனா பவன் 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று கடற்படைத் தளபதி தினேஷ் திரிபாதி கோவாவில் கொடியசைக்க, இரண்டு பெண் அதிகாரிகள் பாய்மரப் படகில் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள்: புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமி, கோழிக்கோட்டின் தில்னா.

17 மீட்டர் நீளமுள்ள 'தாரிணி'தான் அவர்களுக்கு எட்டு மாத வீடு. ஒருவர் தூங்கினால் மற்றவர் காவல். 2025 ஜனவரி 30 அன்று பசிபிக்கில் பாயின்ட் நெமோவைக் கடந்தார்கள். எந்தத் திசையிலும் 2,600 கி.மீ.க்கு மேல் நிலமே இல்லாத இடம். மே 29 அன்று கோவா திரும்பினார்கள்.

படகில் குடியிருப்பவர் தினம் ஒரு கடற்கரையில் இறங்கி மணலில் உலாவுவார் என்பது நம் கற்பனை. ரூபாவும் தில்னாவும் வழியில் கரை தொட்டது நான்கே இடங்களில்: ஃப்ரீமான்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன். பாய்மரப் படகுக்குக் கரைதான் பெரிய ஆபத்து. பாறையும் ஆழமில்லாத நீரும் அங்கேதான். துறைமுகத்தில் இறங்கினாலும் முதல் கவலை பழுது பார்ப்பதும் சாமான் ஏற்றுவதும். உலாவல் பிறகுதான்.

இந்த வாழ்க்கை தமிழகத்துக்குப் புதிதல்ல. கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலிலேயே இருப்பவர்கள். சமையல், தூக்கம், தொழில் எல்லாம் விசைப்படகில்தான். இவர்களுக்கு யாரும் கொடியசைப்பதில்லை.

2017 நவம்பர் 29 அன்று, ஆறு பெண்களுடன் முதல் உலகச் சுற்றில் இருந்த 'தாரிணி' லிட்டில்டன் துறைமுகத்துக்குள் பத்திரமாக நுழைந்தது. மறுநாள் குமரிக் கடலை ஒக்கி புயல் கலக்கியது. பல நாட்களுக்கு முன்பே கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அவர்கள் இருந்த தூரத்தை வயர்லெஸ் எட்டவில்லை. பலர் திரும்பவே இல்லை.

'தாரிணி' எங்கே இருக்கிறது என்பது கடற்படைக்கு எப்போதும் தெரியும். மீனவர் படகு விஷயத்தில் அந்த வசதி மெல்லத்தான் வருகிறது. செயற்கைக்கோள் மூலம் செய்தி அனுப்பவும் பெறவும் உதவும் டிரான்ஸ்பாண்டரை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. ஒக்கி வீசி ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் கழித்து.

ரூபாவும் தில்னாவும் துணிச்சலால் மட்டும் கரை திரும்பவில்லை. மூன்று ஆண்டுப் பயிற்சியும், தொடர்பு அறுந்துவிடாத கருவிகளும் கூட இருந்தன. துணிச்சலில் தூத்தூர்க்காரர் யாருக்கும் குறைந்தவர் அல்ல. அவர் கேட்பது மீதியைத்தான். அதைக் கொடுக்க வேண்டிய கோப்புகள் நகர்வதோ, கடலே இல்லாத டெல்லியில்.