பொதுச் சொத்தின் திறப்பு யார் கையில்?

அண்மையிலே கணினிக் கல்வி பயிலும் மாணவர் ஒருவர் என்னை நாடி வந்து ஒரு வினாவை எழுப்பினார். “திறந்த மூல மென்பொருள் எல்லோர்க்கும் பொதுவானது என்று எங்களுக்குப் படிப்பிக்கிறார்கள், சேர். அப்படியென்றால், 2024 ஆம் ஆண்டிலே ரெடிஸ் மென்பொருளை ஒரு கம்பனி தன்னுடையது என்று சொல்லிக் கதவைச் சாத்தியது எப்படி?” என்பதே அவ்வினா.

வினா ஒரு வாக்கியத்தில் அடங்கியது. விடையோ அவ்வளவிற் சுருங்குவதன்று. வங்கிகளும் வைத்தியசாலைகளும் பல்கலைக்கழகங்களும் நாள்தோறும் சார்ந்து நிற்கும் மென்பொருள்களின் ஆட்சி பற்றிய வினா அது. அன்று அம்மாணவர்க்கு நான் சொல்லியதும் சொல்லத் தவறியதும் சேர்ந்ததே இக்கட்டுரை.

சுவடியும் பாடமும்

திறந்த மூல மென்பொருள் என்பது யாது? கணினிக்கு இடும் கட்டளைத் தொகுதியை, அதாவது மூலநிரலை, மறைத்து வையாது, யாவரும் படிக்கவும் படியெடுக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை அளித்து வெளியிடுதலே அது. அவ்வுரிமையை ஓர் உரிமப் பத்திரம் உறுதி செய்கின்றது. தமிழ் படித்தவர்க்கு இஃது அந்நியமான செய்தியன்று. ஏட்டுச் சுவடிக் காலத்திலே ஒரு நூலை எவரும் படியெடுக்கலாம், படியெடுத்தவர் திருத்தலாம், இடையிலே தம் செய்யுள் ஒன்றைச் செருகவுஞ் செய்யலாம். அதனாலே நூல்கள் பரவின. அதனாலேயே பாடபேதங்களும் பெருகின. எப்பாடம் கொள்ளத்தக்கது என்று துணிவதற்குச் சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டினை நாம் அறிவோம்.

மென்பொருளுக்கோ ஒரு பதிப்பாசிரியர் தோன்றும்வரை காத்திருக்க இயலாது. திருத்தங்கள் நாள்தோறும் வந்து குவிகின்றன. எதனை ஏற்பது, எதனைத் தள்ளுவது, எப்பதிப்பை ‘இதுவே மெய்ப்பதிப்பு’ என்று பெயரிட்டு வெளியிடுவது என்பனவற்றை யாரோ ஒருவர் அன்றாடம் தீர்மானித்தே ஆகவேண்டும். உரிமப் பத்திரம் படிகளைப் பற்றிப் பேசுகின்றது. பதிப்பாசிரியர் யார் என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. மாணவரின் மயக்கம் பிறந்த இடம் இதுவே.

போட்டியாளர் ஏன் கூடுகின்றனர்?

சந்தையிலே ஒருவரை ஒருவர் வீழ்த்த முயலும் கம்பனிகள் ஒரே மென்பொருளிற் கூடி உழைப்பதைக் கண்டு வியப்போர் உளர். வியப்பதற்கு இல்லை. வீட்டுக்கு அத்திவாரம் இன்றியமையாதது. ஆயினும் அத்திவாரத்தைக் காட்டி வீட்டை விற்பவர் இலர். லினஸ் டோர்வால்ட்ஸ் பின்லாந்திலே மாணவராயிருந்தபோது 1991 இல் தொடங்கிய லினக்ஸ், இன்று இன்ரெல், கூகுள், ரெட் ஹட் முதலிய போட்டிக் கம்பனிகளின் சம்பளம் பெறும் ஊழியராலேயே பெரிதும் வளர்க்கப்படுகின்றது. ஒவ்வொருவரும் தனித்தனியே அத்திவாரம் இடுவதிலும் கூடி இடுவது மலிவு. அவர்களைக் கூட்டுவது இக்கணக்கே.

ஆனால், கூடியவுடன் ஓர் அச்சமும் உடன் பிறக்கின்றது. நான் கொட்டிய உழைப்பு நாளை என் போட்டியாளன் கையில் ஆயுதமானால்? அவன் தன் வசதிக்கேற்ப அத்திவாரத்தின் திசையையே திருப்பினால்? இந்த அச்சத்தை ஆற்றுவதற்கு உரிமப் பத்திரம் போதாது, யாப்பு வேண்டும். யாப்பு இல்லாத கூட்டு எவ்வாறு முடியும் என்பதற்கு ரெடிஸின் கதை நல்ல சான்று.

ரெடிஸின் கதை

தகவல்களைக் கணினியின் நினைவகத்திலே வைத்து நொடிப்பொழுதில் எடுத்துக் கொடுக்கும் மென்பொருள் ரெடிஸ். இத்தாலியரான சல்வத்தோரே சன்பிலிப்போ 2009 இல் அதனை வெளியிட்டார். பி. எஸ். டி. எனப்படும் மிகத் தாராளமான உரிமத்தின் கீழ் அது வழங்கப்பட்டது. பல நாட்டார் அதற்கு உழைத்தனர். பெருங்கம்பனிகள் பல அதனைத் தம் சேவைகளிற் பொருத்தின. காலப்போக்கிலே ‘ரெடிஸ்’ என்ற வியாபாரக் குறி, ரெடிஸ் லாப்ஸ் என்ற ஒரு கம்பனியின் உடைமையாயிற்று. 2021 இல் அக்கம்பனி தன் பெயரையே ரெடிஸ் என்று மாற்றிக்கொண்டது.

2018 ஆம் ஆண்டிலே, ரெடிஸின் மூலநிரல் பி. எஸ். டி. உரிமத்திலேயே நீடிக்கும் என்று உறுதி கூறப்பட்டது. 2020 இல் சன்பிலிப்போ பொறுப்பிலிருந்து விலகியபோது ஐவர் கொண்ட குழு ஒன்று அமைந்தது. மூவர் அக்கம்பனியினர், ஒருவர் அமேசன் ஊழியர், மற்றவர் அலிபாபா ஊழியர். பார்வைக்கு இஃது ஒரு கூட்டாட்சி போலவே இருந்தது.

2024 மார்ச் 20 ஆம் நாள், இனி வரும் பதிப்புகள் வேறு உரிமங்களின் கீழ் வெளிவரும் என்று கம்பனி அறிவித்தது. ரெடிஸைச் சேவையாக விற்கும் பெருங்கம்பனிகள் தன்னோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. இம்முடிவு ஐவர் குழுவின் வாக்கினால் எடுக்கப்பட்டதன்று, கம்பனி எடுத்தது. சட்டத்திலே இதற்குத் தடையேதும் இல்லை. பி. எஸ். டி. உரிமம் அத்துணைத் தாராளமானது. பழைய பதிப்புகளை எவரும் பறிக்கவில்லை. அவை இன்றும் பொதுவே. பெயரும் புதுப் பதிப்பை வெளியிடும் அதிகாரமும் முன்னரே ஒருவர் கையில் இருந்தன. கதவைச் சாத்துதற்கு அத்திறப்பே போதுமாயிற்று. 2018 இல் அளித்தது வாக்குறுதி; வாக்குறுதி யாப்பாகாது.

எட்டு நாட்களுள் மறுமொழி வந்தது. மார்ச் 28 ஆம் நாள் லினக்ஸ் மன்றம், பழைய பொதுப் பதிப்பாகிய 7.2.4 இலிருந்து ‘வல்கீ’ என்னும் புதுக் கிளை பிரிவதாக அறிவித்தது. அமேசன், கூகுள், ஒராக்கிள் ஆகிய போட்டியாளரும் எரிக்சன், ஸ்நாப் ஆகிய கம்பனிகளும் அதனை ஆதரித்தனர். முன்னாள் ஐவர் குழுவிலிருந்த அமேசன் ஊழியரும் அப்புதுக் கிளையை முன்னின்று தொடங்கியவர்களுள் ஒருவர். ஆனால் ரெடிஸ் என்ற பெயரை அவர்கள் சூட முடியவில்லை. பதினைந்து ஆண்டுகளாகப் பலர் உழைத்து ஈட்டிய நற்பெயரை வாயிலிலேயே விட்டுச் செல்லவேண்டியதாயிற்று.

2025 மே மாதம், ரெடிஸ் கம்பனி ஏ. ஜி. பி. எல். என்ற திறந்த மூல உரிமத்தையும் சேர்த்து, தன் மென்பொருளை மீண்டும் பொதுவெளிக்குக் கொணர்ந்தது. எனினும் பிரிந்த கிளை திரும்பி ஒட்டவில்லை. இன்று இரண்டு மரங்கள் தனித்தனியே வளர்கின்றன.

இரு பக்க நியாயம்

இவ்விடத்தே ஒரு பக்கத்தை மட்டும் பழித்துவிட்டுச் செல்லுதல் நேர்மையாகாது. உழைத்து வளர்த்தவர்களுக்கு ஒரு சதமும் ஈயாது, பெருங்கம்பனிகள் அம்மென்பொருளை வாடகைக்கு விட்டுக் கோடி கோடியாய் ஈட்டுகின்றன என்ற முறைப்பாடு வெறும் பொறாமையன்று. 2021 இல் எலாஸ்டிக் கம்பனியும், 2023 இல் ஹாசிகோர்ப் கம்பனியும் உரிமம் மாற்றியமைக்கும் இதுவே காரணமாகக் கூறப்பட்டது. இரண்டிலும் கிளைகள் பிரிந்தன. பிரிந்த கிளைகளின் புரவலராக நிற்பவரோ பல வேளைகளில், முன்னர் ‘கொடாது கொள்பவர்’ என்று குற்றஞ்சாட்டப்பட்ட அதே பெருஞ்செல்வர்களே. பொதுமையின் காவலர் என்று அவர்களை மாலையிட்டு வரவேற்குமுன் இதனையும் நினைத்தல் வேண்டும்.

ஆனால், முறைப்பாடு நியாயமானது என்பதனாலே கைக்கொண்ட வழியும் நியாயமாகிவிடாது. சம்பளம் எதுவும் பெறாது, இது பொதுச் சொத்து என்று நம்பித் தன் இரவுகளைச் செலவிட்ட ஓர் ஆசிரியனோ மாணவனோ இவ்விரு யானைகளின் போரிலே எங்கே நிற்பான்? அவனை எவரும் கேட்கவில்லை. இக்கதையில் என் மனத்தை உறுத்துவது அதுவே.

பெயரை விட்டுக்கொடுத்தவர்

மாறான எடுத்துக்காட்டும் உண்டு. பல்லாயிரம் கணினிகளிலே பணிகளைப் பகிர்ந்து இயக்கும் குபர்நெற்றிஸ் என்ற மென்பொருளைக் கூகுள் 2014 இல் வெளியிட்டது. கிரேக்க மொழியிலே அச்சொல்லுக்கு மீகாமன் என்று பொருள். 2015 ஜூலையில் அதன் முதலாம் பதிப்பு வந்தபோது, லினக்ஸ் மன்றத்தின் கீழ் புதிதாய் அமைந்த தாபனம் ஒன்றுக்கு அதனைக் கையளிக்கும் அறிவிப்பும் வந்தது. பெயருரிமையும் கைமாறியது. 2017 இல் அமேசன் அத்தாபனத்திற் சேர்ந்தது. தனக்கென வேறொரு மென்பொருளை வைத்திருந்த டொக்கர் கம்பனியும் அவ்வாண்டிலேயே குபர்நெற்றிஸை ஏற்றுக்கொண்டது. மீகாமன் தனியொரு முதலாளியின் ஊழியன் அல்லன் என்று தெளிந்த பின்னரே போட்டியாளர் கப்பலில் ஏறினர் எனலாம்.

அதன் யாப்பிலே இரு விதிகள் கருதத்தக்கன. ஒன்று, பணம் கொடுப்பவர் அமரும் சபை வேறு. நுட்ப முடிவுகளை எடுக்கும் குழு வேறு. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான டொலர் சந்தா செலுத்தும் கம்பனி வரவு செலவிலே வாக்களிக்கலாம்; அச்சந்தாவைக் காட்டி மூலநிரலில் ஒரு வரியையேனும் செருக இயலாது. மற்றது, வழிகாட்டுங் குழுவின் ஏழு ஆசனங்களில் ஒரே கம்பனியின் ஊழியர் இருவருக்கு மேல் அமர முடியாது. தேர்தலிலே மூவர் வென்றாலும் ஒருவர் விலகியே ஆகவேண்டும்.

அப்பாச்சி மன்றத்தின் வழி இன்னும் பழையது. 1995 இல் இணையச் சேவை மென்பொருள் ஒன்றினைத் திருத்துதற்கு எண்மர் கூடினர். 1999 இல் அது மன்றமாயிற்று. அங்கே கம்பனிக்கு ஆசனமே இல்லை, ஆளுக்கே ஆசனம். ஒருவர் வேலை மாறினாலும் அவருடைய தகுதி அவரோடு செல்லும். திருத்தம் ஒன்றைத் தடுக்க ஒருவரின் மறுப்பே போதும். ஆனால் அம்மறுப்புக்கு நுட்பக் காரணம் காட்டவேண்டும். ‘என் கம்பனிக்கு உவப்பில்லை’ என்பது காரணமாகாது.

யாப்பினாலும் ஆகாதவை

இவ்விதிகள் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டன என்று நான் சொல்ல வரவில்லை. ஆளுக்கே ஆசனம் என்றாலும் ஆளுக்குச் சோறிடுவது கம்பனி. கம்பனி ஊழியரை வேறு பணிக்கு அனுப்பினால் ஆசனம் எஞ்சும். அதிலே இருந்து உழைக்க நேரம் எஞ்சாது.

பெயரைப் பற்றிய பூசலும் ஓய்ந்ததன்று. கூகுள், ஐ. பீ. எம்., லிப்ட் ஆகிய கம்பனிகள் 2017 இல் கூடித் தொடங்கிய இஸ்ரியோ என்னும் மென்பொருளின் பெயருரிமையை, 2020 ஜூலையில் கூகுள் தான் புதிதாய் அமைத்த வேறொரு தாபனத்திடம் ஒப்படைத்தது. குபர்நெற்றிஸைப் போன்று இதுவும் பொதுத் தாபனத்துக்கே வரும் என்று நம்பியிருந்ததாக ஐ. பீ. எம். வெளிப்படையாகவே தன் அதிருப்தியைத் தெரிவித்தது. 2022 இல் அம்மென்பொருள் பொதுத் தாபனத்துக்கு வந்தே சேர்ந்தது. மூலநிரலின் ஓர் எழுத்துக்கும் கேடின்றி, ஒரு பெயர் யாரிடம் இருப்பது என்பதன் பொருட்டு மட்டும் இத்துணை மனக்கசப்பு!

நமக்கு என்ன?

தூர தேசத்துப் பெருவணிகரின் பிணக்கு நமக்கு எதற்கு என்று கேட்போர் இருக்கலாம். இலங்கையர் இத்துறைக்குப் புதியவர் அல்லர். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தபின், இந்நாட்டுத் தன்னார்வலர் கூடிக் காணாமற் போனோரையும் முகாம்களையும் பதிவு செய்தற்கு ஒரு மென்பொருளை எழுதினர். ‘சகன’ என்னும் அத்திறந்த மூல மென்பொருள், 2010 இல் ஹெயிற்றி நாட்டு நிலநடுக்கத்தின் போதும் உதவியது. 2009 இல் அதற்கெனத் தனி மன்றம் ஒன்று அமைக்கப்பட்டது. எழுதியவர் கலைந்து சென்றாலும் எழுதப்பட்டது நிலைக்கவேண்டும் என்பதற்கு அதுவே வழி. இன்றுங்கூட, ஊதியம் கருதாது மென்பொருள்களைத் தமிழ்ப்படுத்துவோர் நம்மிடையே உளர். தாம் யாருடைய வீட்டுக்குக் கல் சுமக்கிறோம் என்று அவர்கள் அறிந்து சுமத்தல் நன்று.

ஆகவே, அம்மாணவர்க்கு நான் இறுதியிற் சொல்லியது இதுதான். ஒரு பொது மென்பொருளுக்கு உழைக்குமுன், அல்லது ஒரு பாடசாலை அதனை நம்பி இறங்குமுன், உரிமப் பத்திரத்தோடு மூன்று வினாக்களையும் சேர்த்து வாசிக்கவேண்டும். பெயர் யாருக்குச் சொந்தம்? திருத்தத்தை ஏற்கும் அதிகாரம் எத்தனை பேரிடம், எத்தனை கம்பனிகளிடம் உள்ளது? விதியை மாற்ற விரும்பினால் யாருடைய சம்மதம் வேண்டும்? இம்மூன்றுக்கும் ஒரே பெயர் விடையாக வருமாயின், அம்மென்பொருள் அந்த ஒருவர் விரும்பும் வரையிலேதான் பொது.

மாணவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “நாங்கள் வகுப்பிலே சேர்ந்து எழுதும் மென்பொருளுக்கு யார் பெயர் போடுவது என்று இன்னும் முடிவெடுக்கவில்லை, சேர்” என்றார். முதலிலே அதைப் பேசி எழுதி வைத்துவிட்டு மற்றதை எழுதுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.