டார்ச் விளக்கைத் திறந்து பார்க்கும் கல்வி

2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, திருவனந்தபுரம் கடற்கரையைச் சேர்ந்த மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று, பிற மாவட்டங்களில் நீரில் சிக்கியிருந்த மக்களை மீட்டனர். வெள்ளம் புகுந்த ஊர்களில் மின்சாரம் நிறுத்தப்பட்டது. இத்தகைய இரவுகளில் கைக்கு உதவுவது டார்ச் விளக்கே. அது எரியாதபோது காரணம் அறிந்து சீர்செய்யக்கூடியவர் வீட்டுக்கு ஒருவரேனும் இருத்தல் வேண்டும். அந்தப் பயிற்சியை அளிக்கத் தக்க இடம் பள்ளிக்கூடமே ஆகும்.

இன்றைய டார்ச் விளக்குகளில் இழை பல்பு அருகி, ஒளியுமிழ் டையோடு எனப்படும் எல்.இ.டி. இடம் பெற்றுள்ளது. அதன் வெண்மை ஒளி நேரே பிறப்பதன்று. சிறியதொரு படிகத் துண்டு நீல ஒளியை உமிழ்கின்றது. மேலே பூசப்பட்ட ஒளிர்பொருள் அதில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுகின்றன. பிரகாசமான நீல டையோடை உருவாக்கியமைக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் பௌதிக நோபல் பரிசு வழங்கப்பட்டது. திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டிலுள்ள சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வு நிலையத்தில் இத்தகைய ஒளிர்பொருள்கள் பற்றிய ஆராய்ச்சிகள் நடைபெற்றுள்ளன. ஆராய்ச்சி நடக்கும் நகரத்திலேயே, மாணவன் அப்பொருளைக் கண்ணால் காணாமல் பாடத்தை மனப்பாடம் செய்வது முறையாகாது.

காண்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. கைபேசியின் காமிரா முன் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்தால் போதும். முழு ஒளியுடன் எரியும் டையோடைப் படமெடுத்தால் வெறும் வெள்ளைத் திட்டே கிடைக்கும். ஆகையால் மூன்று மின்கலங்களுடன் 1000 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்து, ஒளியை மங்கச் செய்தல் வேண்டும். அப்போது மஞ்சள் பூச்சும், அதைத் தாங்கும் சிறு கிண்ணமும், தலைமயிரினும் மெல்லிய கம்பிகளும் தெளிவாகப் படத்தில் விழும். பழுதான டையோடையும் படமெடுத்து அருகருகே வைத்தால், கருகிய பூச்சு தானே கதை சொல்லும்.

அக்கருகலுக்குக் காரணம் பெரும்பாலும் மிகை மின்னோட்டமே. வெள்ளை டையோடுக்குத் தேவை ஏறத்தாழ 3.2 வோல்ட், மூன்று மின்கலங்கள் தருவதோ 4.5 வோல்ட். மலிவான விளக்குகள் பலவற்றில் இடையே மின்தடை வைக்கப்படுவதில்லை. 20 மில்லி ஆம்பியர் தாங்கும் சிறு டையோடு ஒவ்வொன்றுக்கும் 68 ஓம் மின்தடை சேர்த்தால் அதன் ஆயுள் நீடிக்கும். ஓம் விதிக்கு இதைவிட நல்ல செய்முறைக் கணக்கு வேறு தேவையில்லை. பழைய டார்ச்சில் இழை பல்புக்குப் பதிலாக டையோடு பொருத்துவோர் மற்றொன்றையும் காண்பர். இழை எல்லாத் திசையிலும் ஒளி வீசும். டையோடு முன்புறமே வீசும். எனவே பழைய பிரதிபலிப்புக் கிண்ணம் முன்போல் ஒளியைக் குவிப்பதில்லை. இதுவும் ஒரு பாடமே.

மாணவர் கையில் மின்கருவியைக் கொடுப்பது ஆபத்து என்பாருமுளர். அவ்வச்சம் முற்றிலும் தவறன்று. சுவர்ப் பிளக்கில் நேரே செருகி மின்னேற்றும் விளக்குகள் பலவற்றில் 230 வோல்ட் மின்சாரம் உட்சுற்றுடன் நேரடித் தொடர்பு கொண்டிருக்கும். பிளக்கை எடுத்த பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருத்தல் கூடும். லித்தியம் மின்கலம் குறுக்குச்சுற்றானால் தீப்பற்றும். இவ்விரு வகைகளையும் வகுப்பில் திறத்தல் கூடாது. சாதாரண உலர் மின்கல விளக்கு மட்டுமே பயிற்சிக்கு உரியது. அதன் ஒளியையும் கண்ணால் உற்று நோக்கலாகாது. காமிராவின் திரையில் காண்பதே நன்று. தடுக்க வேண்டியது அறியாமையுடன் திறப்பதையே அன்றி, திறப்பதையே அன்று. பள்ளியில் கற்பிக்கப்படாத சிறுவன் வீட்டில் தனியே திறந்து பார்ப்பான்.

கள ஊழியர்களுக்கும் இதில் பங்குண்டு. ஊர்களில் எரியாத விளக்குகளுள் பல, மின்கலம் கசிந்து முனைகளில் உப்புப் படிந்தமையால் நின்றவை. உப்புத்தாளால் முனையைத் தேய்த்தாலே அவை மீண்டும் எரியும். பயன்படுத்தாத காலத்தில் மின்கலங்களை வெளியே எடுத்து வைத்தால் அப்பழுதே நேராது. பருவமழைக்கு முன் ஒவ்வொரு பள்ளியும் ஒரு நாளை ஒதுக்கி, மாணவர் தம் வீட்டு டார்ச்சைக் கொணர்ந்து ஆசிரியர் முன்னிலையில் சோதிக்கும் வழக்கத்தைத் தொடங்குதல் நலம். அதன் செலவு சில மின்தடைகளும் ஓர் உப்புத்தாளுமே. பயனோ, மழையிரவில் ஏற்றியவுடன் எரியும் ஒரு விளக்கு.