எவர் தீட்டிய வீரம்?

பொம்மையார்பாளையத்தில் நண்பர் ஒருவரின் இல்லக் கூடத்திலே, புதுச்சேரியிலிருந்து வாங்கி வந்த பழைய பிரெஞ்சுக் கல்லச்சுப் படம் ஒன்று தொங்குகிறது. மலைகள் சூழ்ந்த ஏரிக்கரை, நள்ளிரவு, கையுயர்த்திச் சபதமேற்கும் ஆடவர் கூட்டம். ரொசினி இசையமைத்து 1829இல் பாரிசில் அரங்கேறிய ‘கியோம் தெல்’ இசை நாடகத்தின் இரண்டாம் அங்கக் காட்சி அது. ஆஸ்திரிய ஆளுநனை எதிர்த்துச் சுவிட்சர்லாந்தின் மூன்று மாநிலத்தார் சூளுரைக்கின்றனர்.

“நாட்டுப்பற்று என்றால் இதுவன்றோ, ஹஜ்ரத்! காட்டுவதற்கு நம்மிடம் இப்படி ஒரு படம் உண்டா?” என்றார் நண்பர்.

உண்டு, ஆனால் அதை வரைந்தவர் நாமல்லர். 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டினக் கோட்டையில் பொருது மாண்டார் திப்பு சுல்தான். மறு ஆண்டே அக்கோட்டை வீழ்ந்த காட்சியை ராபர்ட் கெர் போர்ட்டர் நூறடிக்கு மேல் நீண்ட ஓவியமாகத் தீட்டி இலண்டனில் காட்சிக்கு வைத்தார். அதன் அச்சுப்படங்களும் வெளிவந்தன. அவற்றில் நாட்டுப்பற்று எவருக்குரியது? கோட்டை மீது ஏறி வந்தவர்க்கு! அந்நியனை எதிர்த்த சுவிஸ்காரன் வீரன். அந்நியனை எதிர்த்த மைசூரான் கொடுங்கோலன். இது எந்த நீதி?

இன்னொன்றும் கேளுங்கள். ‘கியோம் தெல்’ நாடகத்தை எழுதிய இருவருள் ஒருவரான எத்தியேன் தெ ழூய், இளமையில் பிரெஞ்சுப் படையாளாக இந்தியாவில் இருந்தவர். திப்புவை நாயகராக்கி 1813இல் ஒரு துன்பியல் நாடகமும் அவர் படைத்தார்; பெரும் நடிகர் தல்மா திப்புவாகத் தோன்றினார். உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். அன்று நெப்போலியனுக்கு ஆங்கிலேயர் பகைவர். பகைவனின் பகைவர் என்பதாலேயே திப்புவுக்கு அந்த மேடை கிடைத்தது. இலண்டனார் இகழ்ந்ததும் பாரிசார் புகழ்ந்ததும் தத்தம் தேவைக்கே.

ஆள்வோர் இதை நன்கறிவர். ஆஸ்திரியர் ஆட்சியிலிருந்த மிலான் நகரில் 1836இல் ‘கியோம் தெல்’ நடிக்கப்பட்டபோது, தணிக்கைக்கு அஞ்சிக் கதையை ஸ்காட்லாந்துக்கு மாற்றினார்கள். வீரம் அப்படியே இருந்தது. அது எவரைச் சுட்டுகிறது என்பதே மறைக்கப்பட்டது.

திப்புவின் ஆட்சியில் குறையே இல்லை என்பதன்று என் வாதம். நம் குறை நிறைகளை நாமே எழுதவில்லை என்பதே என் வழக்கு. அந்தக் கல்லச்சு நம் கையிலும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அரபுத் தமிழ் நூல்கள் பல அதில்தான் வெளிவந்தன. மார்க்கச் சட்டமும் புகழ்ப்பாக்களும் அதனால் நமக்குக் கிட்டின. அதற்காக முன்னோரைப் போற்றுவோம். அவர்கள் விட்டதை நாமும் விடலாமா?

1806 ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் இந்துவும் முஸ்லிமுமான சிப்பாய்கள் திப்புவின் கொடியை ஏற்றினர். அது மேடைச் சபதமன்று. உயிர் கொடுத்த சபதம். அக்கோட்டையைக் காணச் சுவிட்சர்லாந்து செல்ல வேண்டியதில்லை. காலையில் பேருந்தேறினால் பகலில் சென்று சேரலாம். நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அந்நாளை அறிவர்?

நண்பரே, அந்தப் படத்தை இறக்க வேண்டாம். அருகில் இன்னோர் ஆணி அடியுங்கள். உருவம் வரையத் தயக்கமெனில், வேலூரைப் பற்றி நாலு வரி எழுதி மாட்டுங்கள். எழுத்தை எவரும் தடுக்கவில்லை.