துக்கமணி அடிக்க உத்தரவிடுங்கள்

மதிப்பிற்குரிய பேராயர்களே, ஆயர்களே,

தற்கொலை செய்துகொண்டவர்களை நம் சபைகள் சில இன்னும் எப்படி அடக்கம் செய்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். கடன் தொல்லையில் உயிரை மாய்த்துக்கொண்ட ஒருவருக்கு எங்கள் பக்கத்துச் சேகரத்தில் துக்கமணி அடிக்கவில்லை. பெட்டியைக் கோயிலுக்குள் விடவில்லை. கல்லறைத் தோட்டத்தின் மதிலோரம் முள்ளை வெட்டி ஒதுக்கிக் குழி தோண்டினார்கள். "எம்பிள்ளைக்கு ஒரு ஜெபம் பண்ணக் கூடாதா ஐயா?" என்று தாயார் கேட்டதற்கு, "வேதம் இடங்கொடுக்கலையம்மா" என்று பதில் வந்தது.

வேதம் அப்படிச் சொல்லவில்லை. கொலை கூடாதென்ற கட்டளை தன் உயிருக்கும் பொருந்தும் என்று விளக்கியவர் அகஸ்தீன். அதை நானும் ஏற்கிறேன். ஆனால் இறந்தவருக்கு அடக்க மரியாதையை மறுத்தது, 6ஆம் நூற்றாண்டில் இன்றைய போர்ச்சுக்கலின் பிராகாவில் கூடிய சங்கம். வேதத்திலோ, சவுல் தன் பட்டயத்தின்மேல் விழுந்து மாண்டபோது, யாபேஸ் ஊரார் இராமுழுதும் நடந்துபோய், பெத்சான் மதிலில் பெலிஸ்தர் தொங்கவிட்ட உடலை இறக்கிக்கொண்டு வந்தார்கள். எலும்புகளை மரத்தடியில் அடக்கம்பண்ணி 7 நாள் உபவாசமிருந்தார்கள். சவுலால் வேட்டையாடப்பட்ட தாவீதே அவர்களை ஆசீர்வதித்து ஆளனுப்பினான். யூதாஸைப் பற்றி இயேசு சொன்ன கடுஞ்சொல்லும் காட்டிக்கொடுத்தலைக் குறித்தது. அவன் சாகுமுன்பே சொன்னது.

வேதத்துக்கு மேலே மனச்சாட்சியை வைக்கிறேன் என்று கோபப்படாதீர்கள். மனச்சாட்சியும் மரத்துப்போகும். சாதிக்கொரு கல்லறை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியதும் நம் மனச்சாட்சிதான். அதனால் அது சொல்வதையெல்லாம் அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒரு தாயின் முன்னால் அது குத்தும்போது, அதை அடக்கிவிட்டுச் சபை வழக்கத்தைப் பிடித்துக்கொள்வது வேதத்துக்குக் கீழ்ப்படிவதாகாது. வசனத்தை மறுபடி எடுத்து வாசிக்கச் சொல்லித்தான் அது குத்துகிறது. பிரமாணத்தை அறியாதவர்களின் மனச்சாட்சியைக்கூடச் சாட்சியாக அழைத்தார் பவுல்.

கத்தோலிக்கத் திருச்சபையின் 1917 சட்டத்தொகுப்பில் இருந்த இந்த அடக்கத் தடை 1983 தொகுப்பில் இல்லை. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்கிறது நம் நாட்டின் 2017 மனநலச் சட்டம்.

கண்டித்தால்தான் மற்றவர்கள் பயப்படுவார்கள் என்பார்கள். பயத்தில் குடும்பங்கள் காரணத்தை மறைக்கின்றன. சாக நினைப்பவரோ குருவானவரிடம் வாயே திறப்பதில்லை. உயிரைக் காக்க வேண்டிய கதவை நாமே அடைத்துவிடுகிறோம்.

எல்லாச் சேகரங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்: எந்தச் சாவாக இருந்தாலும் துக்கமணி, கோயிலுக்குள் ஆராதனை, மற்றவர்களோடு ஒரே வரிசையில் குழி. இதைக் குருவானவரின் விருப்பத்துக்கோ கமிட்டியின் தீர்மானத்துக்கோ விடாமல், உங்கள் கையெழுத்திட்ட உத்தரவாகவே அனுப்புங்கள்.