பாதிப் படிப்பும் முழு நியாயமும்

ஒரு பாவு நெய்து தீர்ந்ததும் அதன் கடைசி இழைகளைப் புதுப் பாவின் இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைத்து வேலையைத் தொடருவது ஆரணிப் பட்டுத் தறிக்காரர் அன்றாடம் செய்யும் காரியம். பிணைக்குமுன் இழையை விரலால் இழுத்துப் பார்ப்பார், நைந்ததை ஒதுக்குவார். வேறு ஊரில் தயாரான பாவு என்ற ஒரே காரணத்துக்காக முழுப் பாவையும் அறுத்தெறிந்தவரை நாம் கண்டதில்லை. இந்தச் சாதாரண விவேகம் நமது தேசத்தின் வைத்தியக் கல்வியை நிர்வகிப்போருக்கு ஏன் இல்லாமற் போயிற்று என்பதே நமது கேள்வி.

2022-ம் வருஷம் பிப்ரவரி 24-ந் தேதி ருஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் புகுந்தன. அங்கே வைத்தியம் பயின்று கொண்டிருந்த நம் பிள்ளைகள் நிலவறைகளில் பதுங்கினார்கள். உறைபனியில் எல்லைவரை நடந்தார்கள். இந்திய சர்க்கார் விமானங்களை அனுப்பி அவர்களை மீட்டது. அதற்கு நாம் நன்றி பாராட்டுகிறோம். தமிழ்நாட்டுக்கு மட்டும் 1,800-க்கு மேற்பட்ட மாணாக்கர் திரும்பினர். ஆனால், உயிரை மீட்டவர்கள் படிப்பை மீட்கவில்லை. மூன்று வருஷம் படித்தவனும் சரி, ஐந்து வருஷம் படித்தவளும் சரி, தாய்நாட்டு வைத்தியக் கலாசாலையின் வாசலில் ஒன்றுமே படியாதவர்களாகவே எண்ணப்பட்டார்கள்.

அவர்கள் ஏன் கடல் கடந்தார்கள்? இங்கே சர்க்கார் கலாசாலைகளில் இடங்கள் சொற்பம். தனியார் கலாசாலைகளில் கட்டணமோ சாமானிய ஜனங்களால் நினைத்தும் பார்க்க முடியாதது. வேலூரில் 2005-லும் திருவண்ணாமலையில் 2013-லும் சர்க்கார் வைத்தியக் கலாசாலைகள் ஏற்பட்டது நமது பிரதேசத்துக்குப் பெரும் பாக்கியமே. ஆயினும் நீட் பரீட்சையில் சில மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு அந்தக் கதவும் அடைபடுகிறது. அப்பொழுதுதான் ஏஜெண்டு வருகிறார். வீட்டையும் நகையையும் ஈடு வைத்துப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர், அந்தப் பிள்ளை நடுவழியில் திரும்ப நேர்ந்தால் என்னவாகும் என்று கேட்பதில்லை, ஏஜெண்டும் சொல்வதில்லை.

சட்டம் என்ன சொல்லுகிறது? தேசீய மருத்துவக் கமிஷன் 2021 நவம்பர் 18-ந் தேதி பிரசுரித்த விதிகளின்படி, அயல்நாட்டுப் படிப்பு 54 மாதத்துக்குக் குறையலாகாது. அதன்மேல் பன்னிரண்டு மாதப் பயிற்சியும் அந்த ஸ்தாபனத்திலேயே முடிய வேண்டும். போதனை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். அங்கே வைத்தியம் செய்யும் உரிமையும் பெற வேண்டும். தொடங்கிய இடத்திலேயே முடித்தாக வேண்டும் என்பது இதன் சாரம். ஐரோப்பிய முறைப்படி வருஷத்துக்கு 60 ‘கிரெடிட்’ வீதம் ஆறு வருஷத்தில் 360 கிரெடிட் சேருவது உக்ரைனின் வைத்தியப் படிப்பு. அந்நாடு 2005-ல் சேர்ந்த ஐரோப்பியக் கல்வி உடன்பாட்டுக்கு உட்பட்ட தேசங்களில், ஓரிடத்தில் சேர்த்த கிரெடிட்டை மற்றோரிடத்தில் கணக்கிட வழி உண்டு. இந்தியாவில் அது செல்லாக்காசு. அயல்நாட்டுக் கலாசாலையிலிருந்து மாணாக்கரை இங்கே மாற்றிச் சேர்க்க 1956-ம் வருஷச் சட்டத்திலும் இடமில்லை, 2019-ம் வருஷச் சட்டத்திலும் இடமில்லை என்று மத்திய சர்க்கார் 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தது. வேறு தேசங்களுக்கு மாறிப் படிக்க மட்டுமே கமிஷன் அனுமதித்தது. தாய்நாடு தவிர மற்ற நாடுகளுக்குப் போகலாம் என்ற இந்த ஏற்பாட்டை என்னவென்று சொல்வது!

எதிர்வாதத்தை நாம் மறைக்கவில்லை. நீட் தரவரிசையில் பின்தங்கி வெளியே போனவர், நடுவில் திரும்பிக் கொல்லை வழியாக நுழைந்தால், இரவு பகலாகப் படித்து இடம் பெற்றவருக்கு என்ன நியாயம் என்று கேட்கிறார்கள். அயல்நாட்டுப் பட்டதாரிகளுக்கு இங்கே நடத்தப்படும் பரீட்சையில் 300-க்கு 150 பெற்றால் போதும். அப்படியிருந்தும் 2023 டிசம்பரிலும் 2024 ஜூனிலும் நூற்றுக்கு ஏறக்குறைய இருபது பேரே தேறினர் என்று சுட்டிக் காட்டுகிறார்கள். இரண்டும் மெய்யே. நோயாளியின் உயிர் எந்தப் பெற்றோரின் கடனையும்விடப் பெரிது. சோதியாமல் எந்தக் கிரெடிட்டையும் ஏற்க வேண்டுமென்று நாம் கேட்கவில்லை.

சோதித்து ஏற்க வேண்டும் என்பதே நமது கட்சி. அது முடியாத காரியமன்று. சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு நடந்ததன் பலனாக, 2023 மார்ச்சில் சர்க்காரே ஒரு வழியைக் கொண்டு வந்தது. படிப்பின் கடைசிக் கட்டத்தில் திரும்பியவர்கள், எந்தக் கலாசாலையிலும் சேராமலே எம்.பி.பி.எஸ். இறுதிப் பரீட்சையை எழுதலாம். எழுத்துப் பரீட்சை இந்தியப் பாடத் திட்டப்படி நடக்கும். செய்முறைப் பரீட்சை குறிப்பிட்ட சர்க்கார் கலாசாலைகளில் நடக்கும். தேறியவர் இரண்டு வருஷம் பயிற்சி பெற வேண்டும். யாருடைய இடமும் பறிபோகவில்லை. யாருடைய தகுதியும் தாழ்த்தப்படவில்லை. அத்துடன், இது ஒரே தடவை தரும் சலுகை, முன்மாதிரியாகக் கொள்ளலாகாது என்றும் எழுதி வைத்தார்கள். நியாயமான காரியத்தைச் செய்துவிட்டு, இனி செய்யமாட்டோம் என்று சத்தியம் செய்வானேன்? கீழ் வகுப்புகளில் இருந்தவர்களுக்கு அந்தச் சலுகையும் கிட்டவில்லை.

பழைய சரித்திரம் ஒன்றை நினைவூட்டுகிறோம். 1930-ல் பிரிட்டனின் வைத்தியக் கவுன்சில் இந்திய சர்வகலாசாலைகளின் வைத்தியப் பட்டங்களுக்குத் தந்திருந்த அங்கீகாரத்தை விலக்கிக் கொண்டது. எங்கள் டாக்டர்களின் அறிவைப் பாராமல் அவர்கள் படித்த இடத்தைப் பார்த்துத் தீர்ப்பளிப்பதா என்று தேசம் கொதித்தது. அதன் விளைவாக 1933-ல் சட்டமியற்றி நமக்கென்று ஒரு வைத்தியக் கவுன்சிலை ஏற்படுத்திக் கொண்டோம். அந்தக் கவுன்சிலின் வாரிசான கமிஷன், நம்மை அன்று புண்படுத்திய அதே அளவுகோலை நம் பிள்ளைகள்மீது வைக்கலாமா? அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடுவில் வரும் மாணாக்கரை எளிதில் சேர்ப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் அத்தேசங்கள், அயல்நாட்டில் பட்டம் பெற்றவரைத் தம் பரீட்சையில் அமரச் செய்து தேறியவரை ஏற்கின்றன. நம் டாக்டர்கள் ஏராளமானோர் அவ்வாசல் வழியே சென்றவர்கள்தாம்.

ஆகவே நாம் கோருவது மூன்று. முதலாவது, யுத்தமோ கொள்ளைநோயோ ஒரு தேசத்தின் கலாசாலைகளை மூடச் செய்தால் அங்கிருந்து திரும்பும் மாணாக்கருக்கு என்ன வழி என்பதை நிலையான விதியாக எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கோர்ட்டு வாசலில் நிற்கச் செய்யலாகாது. இரண்டாவது, உடற்கூறு, உடலியல் முதலாய பாடங்களில் தனித்தனியே பரீட்சை வைத்து, எந்த வருஷத்துக்குத் தகுதியோ அந்த வருஷத்தில் அமர்த்த வேண்டும். நோயாளியின் படுக்கையருகே கற்க வேண்டியதை இங்கே மறுபடியும் கற்கட்டும். முதல் வருஷச் சேர்க்கை இடங்களில் கைவைக்காமல், மேல் வகுப்புகளில் விடுபட்ட இடங்களையும் இதற்கென அனுமதிக்கும் தனி இடங்களையும் கொண்டே இதைச் செய்யலாம். மூன்றாவது, அயல்நாட்டுப் படிப்பு விதிகளைத் தெளிந்த தமிழில் அச்சிட்டு, நீட் முடிவு வெளியாகுமுன் பள்ளிக்கூடந்தோறும் வைக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. விதி மாறும்வரை இருக்கிற விதியே விதி. முன்பணம் கொடுக்குமுன் ஏஜெண்டிடம் நான்கு கேள்வி கேளுங்கள்: படிப்பு 54 மாதமா? பயிற்சி அந்த ஸ்தாபனத்திலேயேதானா? பாடம் முழுதும் ஆங்கிலத்திலா? முடித்தவருக்கு அந்நாட்டிலேயே வைத்தியம் செய்ய உரிமை உண்டா? நான்குக்கும் கையெழுத்திட்ட பதில் தர மறுப்பவரிடம் தறியில் சம்பாதித்த பணத்தைக் கொடாதீர்கள். “நடுவில் இந்தியாவுக்கு மாற்றிக் கொள்ளலாம்” என்று ஒருவர் சொன்னால், அவர் பொய் சொல்லுகிறார்.

இந்த நாட்டுக் கிராமங்களுக்கு டாக்டர்கள் வேண்டும். பாதி வழி கற்று, மீதியையும் கற்கத் துடிக்கும் பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள். அவர்களை இழுத்துப் பார்க்கட்டும். உறுதியான இழையானால் பிணைக்கட்டும். சோதியாமலே அறுத்தெறிவது நீதியுமன்று, சிக்கனமுமன்று. சர்க்கார் இனியேனும் செவி சாய்க்குமா?